மூன்று அடி, ஓர் இடைவெளி

1

இங்கிலாந்தின் வடக்கே, ஓயாமல் தூறிக்கொண்டிருக்கும் ஒரு சிறு நகரத்தில் இருக்கிறோம். என் மகள் எஸ்தருக்கு ஏழு வயது. பள்ளி தொடங்கிய மாதம் அவள் ஒரு சின்ன வயலினைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். கூடவே ஒரு தாள். ஐந்து கோடுகள், அவற்றின் மேல் கறுப்புத் தலைகள், சிலவற்றுக்கு வால். தினமும் கொஞ்ச நேரம் வாசிக்க வேண்டும், பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும் என்று பள்ளியில் சொல்லியிருந்தார்கள். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அவள் வாசித்தாள். நான் தாளைப் பார்த்துத் தலையாட்டினேன்.

"அம்மா, நீங்க வேற லைனைப் பாக்குறீங்க," என்றாள். கொஞ்சம் பொறுத்து, "உங்களுக்கு இது வாசிக்கத் தெரியாதுதானே?" என்று கேட்டாள்.

கேலி இல்லை. வெளியே மழைதானே என்று கேட்பதுபோலக் கேட்டாள்.

வாசிக்கத் தெரியாது என்று அதுவரை யாரும் என் முகத்தைப் பார்த்துச் சொன்னதில்லை. இலங்கையில் ஹாலிஎலயிலிருந்து மேலே ஏறினால் எங்கள் தேயிலைத் தோட்டம். அங்கே தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் மூன்று லயத்துக்கும் வாசித்துச் சொன்னவள் நான். ஆஸ்பத்திரித் துண்டு, வங்கிக் கடிதம், சிங்களத்தில் வரும் அறிவித்தல் எல்லாம் என் கைக்குத்தான் வரும். எனக்கு முன்னால் எங்கள் குடும்பத்தில் எவரும் பள்ளிக்கூடம் போனதில்லை. நான் கெம்பஸ், பல்கலைக்கழகம் வரை போனேன். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சமே கிடையாது.

அம்மா என் கொப்பியைச் சரிபார்க்கும் விதம் ஞாபகம் வந்தது. கொழுந்து பறித்துக் கறைபட்ட விரல்கள் தாளில் படாமல், கையை நீட்டித் தூரத்தில் பிடித்துப் பார்ப்பார். எழுத்து அவருக்குத் தெரியாது. வரி நேராக இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார். "இந்த எடம் கோணலா இருக்கு, திருப்பி எழுது புள்ள" என்பார். ஆச்சரியம் என்னவென்றால், கோணலான வரியில்தான் எப்போதும் பிழையும் இருக்கும்.

அந்த நாற்காலியில் நான் தலையாட்டியதும் அப்படித்தான். ஆனால் அம்மாவுக்குப் பயம் இருக்கவில்லை, எனக்கு இருந்தது. என் பிள்ளை ஏற்கெனவே வேறொரு பாஷையில் கனவு காண்கிறாள். இப்போது இன்னொரு எழுத்துக்குள்ளும் போகிறாள். அங்கே கதவைச் சாத்திக்கொண்டால் வெளியே நின்று தட்டக்கூட எனக்குத் தெரியாது.

நகர நூலகத்தில் சனிக்கிழமைகளில் பெரியவர்களுக்கு இசை எழுத்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று பார்த்துப் பெயர் கொடுத்தேன். என் கணவர் ஜெரோம் அப்புத்தளைக்காரர், எதையும் நிதானமாகப் பார்ப்பவர்.

"ஏழு வயசுப் புள்ளகூட போட்டிக்கு நிக்கிறியா?"

"நிக்கிறேன்."

"சரி, தோக்குறப்ப அழாம இரு," என்றார்.

2

வகுப்பில் ஆறு பேர். சொல்லிக்கொடுப்பவர் ஹெலன், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. எனக்குப் பக்கத்தில் உட்காருபவர் ஃபிராங்க், பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர், வகுப்பில் என்னைவிட மோசமானவர் என்று நான் நம்பிக்கொண்டிருந்த ஒரே ஆள்.

முதல் வாரங்கள் நன்றாகவே போயின. வெறுந்தலையாக இருந்தால் நான்கு எண்ணிக்கை. தலை வெள்ளையாக, பக்கத்தில் குச்சி இருந்தால் இரண்டு. தலை கறுத்துக் குச்சி இருந்தால் ஒன்று, அதற்குப் பெயர் குரோச்செட். இவற்றை நான் காகிதத் துண்டுகளில் எழுதிச் சமையலறை அலுமாரிக் கதவுகளில் ஒட்டினேன். பரீட்சைக்குப் படித்த பழக்கம் எங்கே போகும்? எஸ்தர் தேநீர்க் கோப்பை எடுக்கும்போதெல்லாம் சிரித்தாள்.

பிறகு ஹெலன் சத்தமில்லாத குறிகளைக் காட்டினார். ஒலிக்கு எத்தனை அளவு உண்டோ, மௌனத்துக்கும் அத்தனை அளவு உண்டாம். ஓர் எண்ணிக்கை மௌனத்துக்கு ஒரு நெளிந்த குறி. அதைப் பார்த்ததும், "இது அட்டை," என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டேன். மழை நாளில் தேயிலை மலையில் கால் வைத்தவர்களுக்கு அந்த வடிவம் தெரியும். இலை நுனியில் வாலை ஊன்றி, தலையைத் தூக்கி, இரத்தம் குடிக்க யார் வருகிறார்கள் என்று பார்த்துக்கொண்டு நிற்கும். ஹெலனுக்குப் புரியவில்லை. விளக்கினேன். ஃபிராங்க் தன் தாளை மேசையில் தள்ளி வைத்தார். "இனி இதை எப்படி நான் தொடுவேன்?" என்றார்.

அன்றுதான் அது நடந்தது. பலகையில் ஹெலன் மூன்று குரோச்செட் போட்டு, நான்காவதாக ஓர் அட்டையைப் போட்டார். மூன்று தரம் கை தட்ட வேண்டும், ஓர் எண்ணிக்கை சும்மா இருக்க வேண்டும், மறுபடி மூன்று. எல்லோரும் தட்டினோம். மூன்று தட்டி எல்லோரும் நின்ற இடத்தில் என் கை மட்டும் தட்டியது.

"பரவாயில்லை, மறுபடி," என்றார் ஹெலன்.

மறுபடியும் நான்காவது இடத்தில் என் கை தட்டியது. மூன்றாவது முறை கையை மடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். கால் தரையில் தட்டிவிட்டது.

"அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை," என்று ஹெலன் பொறுமையாகச் சொன்னார். "ஒன்றும் செய்யாமல் இருப்பதுதான் வேலை."

"காலைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு வரச் சொல்லலாமா?" என்றார் ஃபிராங்க்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். காது சுட்டது. ஃபிராங்கே சரியாகத் தட்டியிருந்தார்.

வீட்டில் எஸ்தரிடம் கேட்டேன். "நத்திங்மா. சும்மா வெயிட் பண்ணணும்," என்றாள். சொன்னதோடு செய்தும் காட்டினாள், கண்ணைக்கூட இமைக்காமல்.

3

ஏன் என் கை நிற்கவில்லை என்பது இரண்டு நாள் கழித்து, வேலைக்குப் போகும் பஸ்ஸில் பிடிபட்டது. மழை கண்ணாடியில் அடித்துக்கொண்டிருந்தது.

எங்கள் தோட்டத்தில் பெரட்டுக் களத்து மரத்தில், காலையில் ஆட்களை வேலைக்குக் கூட்டுகிற இடத்தில், ஒரு தண்டவாளத் துண்டு தொங்குகிறது. இரும்புக் கம்பியால் அடித்தால் மூன்று லயத்துக்கும் கேட்கும். நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு மழைக்காலத்தில் பக்கத்து டிவிஷனில் மண் சரிந்தது. அங்கே ஆட்களை எழுப்பக் கத்தியிருக்கிறார்கள். மழைச் சத்தத்தில் கத்தியது கேட்கவில்லை. அதற்குப் பிறகு எங்கள் ஆட்கள் சேப்பலில் கூடிப் பேசித் தாங்களே ஒரு முறை வைத்துக்கொண்டார்கள். மின்சாரமும் போனும் மழையில் முதலில் போய்விடும். தண்டவாளம் போகாது.

முறை இதுதான். மலை ஈரம் தாங்காது என்று தெரிந்தால் காவல்காரர் சவரி அண்ணன் தண்டவாளத்தில் மூன்று அடி அடிப்பார். பிறகு ஓர் அடிக்கான இடம் விடுவார். அந்த இடம் லயத்துக்காரர்களுக்கு. முதல் இடைவெளியில் கீழ் லயம் பதில் சொல்லும், தண்ணீர்ப் பீப்பாயைத் தட்டி. இரண்டாவது இடைவெளி நடு லயத்துக்கு, அவர்களிடம் ஒரு கூரைத் தகரம். மூன்றாவது மேல் லயம், எங்களுடையது. எங்கள் வீட்டு நிலையில் ஒரு பழைய மம்பட்டித் தகடு கம்பியில் தொங்கும். நாங்கள் கடைசி வீடு என்பதால் எங்கள் வீட்டார்தான் தட்ட வேண்டும். பதில் தட்டினால், எழுந்துவிட்டோம், ஸ்கூலுக்குப் போகிறோம் என்று அர்த்தம். தோட்டத்துப் பள்ளிக்கூடம் மட்டும்தான் பாறை மேல் இருக்கிறது. மூன்று லயமும் பதில் சொல்லும்வரை சவரி அண்ணன் அடிப்பதை நிறுத்த மாட்டார்.

சிறு பிள்ளையில் அந்தத் தகட்டைத் தட்டியவள் நான். கம்பளிக்குள்ளிருந்து எழுந்து, பாதிக் கண்ணில், மூன்று அடி கேட்டதும் கை தானாகப் போகும். அந்த இடத்தில் சும்மா இருந்தால் கீழே ஒருவர் பயந்துபோவார் என்று எங்களுக்குச் சொல்லி வளர்த்தார்கள்.

ஹெலனிடம் இதைச் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? அந்த நூலகத்தில் சுவர்கள் அவ்வளவு நேராக இருந்தன.

4

அம்மா இப்போது அங்கே தனியாக இருக்கிறார். அப்பா இல்லை, தம்பி கொழும்பில் ஒரு கடையில். மேல் லயத்தில் பல வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. மிச்சம் இருப்பது அம்மாவும் பக்கத்து வீட்டுச் செல்வி அக்கா குடும்பமும்தான். சென்ற வருடம் அதிகாரிகள் வந்து மலையைப் பார்த்து, லயத்துச் சுவரில் சிவப்பு அடையாளம் போட்டு, சிங்களத்தில் ஓர் அறிவித்தல் ஒட்டிவிட்டுப் போனார்கள். செல்வி அக்கா படம் எடுத்து அனுப்பினார். வாசித்துச் சொன்னேன். மழை கூடினால் பாதுகாப்பான இடத்துக்குப் போகவும் என்றிருந்தது. அந்த இடம் எது என்று எழுதவில்லை.

அம்மாவை இங்கே கூட்டிவர விசா கிடைக்குமா என்றும் விசாரித்தேன். தானாக நடக்க முடிகிறதா, சமைக்க முடிகிறதா, குளிக்க முடிகிறதா என்று கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் ஆம் என்றால் வழியில்லையாம். வீட்டுக்குப் பின்னால் மலை எப்படி நிற்கிறது என்ற கேள்வி அவர்களிடம் இல்லை.

மார்கழி மழை தொடங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை செல்வி அக்கா ரகசியமாக ஒன்று சொன்னார். மழையில் ரெண்டு தரம் சவரி அண்ணன் அடித்தாராம். ரெண்டு தரமும் அம்மா தகட்டைத் தட்டிப் பதில் சொன்னாராம். சொல்லிவிட்டு, கதவைச் சாத்தி, உள்ளேயே உட்கார்ந்துகொண்டாராம்.

உடனே அம்மாவை அழைத்தேன்.

"தட்டிட்டு உள்ளேயே இருந்துக்கிறீங்களாமே?"

"யாரு சொன்னா, செல்வியா? அவளுக்கு வாய்க்குள்ள ஒரு வார்த்த தங்காது."

"ஆமாவா இல்லையா?"

"படியெல்லாம் பாசி புள்ள. எனக்கு முழங்கா மடங்குதா? கோழிய எங்க விடுறது?"

"அப்ப ஏன் தட்டுனீங்க?"

"தட்டலேன்னா சவரி விடமாட்டான், அடிச்சுக்கிட்டே நிப்பான். பாவம், மழையில நனையிறான். வீட்டுக்குப் போகட்டுமேன்னு தட்டுனேன்."

எனக்குக் கோபம் வந்தது. பயம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வெளியே வரும். "நீங்க வெளியேறிட்டீங்கன்னு அவர் நம்புவார். தேடவும் மாட்டார். பொய்ப் பதில் சொன்னா உங்கள யாருமே தேடி வரமாட்டாங்க, விளங்குதா? இனி வீட்டுல இருந்து தட்டக் கூடாது. தட்டணும்னா ஸ்கூல் வாசல்ல போய் நின்னு தட்டுங்க."

"ஏன், மம்பட்டிய கழட்டித் தோள்ல போட்டுக்கிட்டுப் போகவா?"

"போங்க. கழட்டிக்கிட்டுப் போங்க."

"கெம்பஸ்ல இதத்தான் சொல்லிக்குடுத்தானுங்களா," என்று போனை வைத்துவிட்டார்.

5

அடுத்த சனிக்கிழமை காலை நூலகத்து வாசலில் குடையை மடக்கும்போது செல்வி அக்காவின் குரல் செய்தி வந்தது. அங்கே பின்னேரம். காதில் வைத்தேன். மழை இரைச்சல், பிள்ளைகள் சத்தம், அதன் நடுவில் அவர் குரல்.

"புள்ள, நாங்க ஸ்கூலுக்கு வந்துட்டோம். மண்ணு கரையுது, தண்ணி செவப்பா வருது. சவரி அண்ணன் அடிக்கிறாரு, கேக்குதா? ஒங்கம்மா நீங்க முன்ன போங்க நான் பின்னால வர்றேன்னாங்க. இன்னும் காணோம். இவர போய்ப் பாக்கச் சொல்லி..."

அதற்கு மேல் மழை மட்டும்தான். பேச்சு நின்ற பிறகும் கொஞ்ச நேரம் பதிவாகியிருந்தது. தூரத்தில் தண்டவாளம்.

மூன்று அடி. இடைவெளியில் பீப்பாய், தொம் என்று.

மூன்று அடி. இடைவெளியில் தகரம்.

மூன்று அடி. இடைவெளி.

ஒன்றுமில்லை.

மறுபடி மூன்று அடி, பீப்பாய். மூன்று அடி, தகரம். மூன்று அடி. ஒன்றுமில்லை. அங்கே செய்தி அறுந்தது.

அழைத்தேன். மணி போகவில்லை. அம்மாவுக்கு, தம்பிக்கு, செல்வி அக்காவுக்கு. தம்பி மட்டும் எடுத்தான். அவனுக்கும் எந்தத் தகவலும் இல்லை. ஜெரோம் வேலையில், போனை வெளியே பூட்டி வைத்திருப்பார்கள்.

ஏன் வகுப்புக்குள் போனேன் என்று தெரியாது. கால் தானாக உள்ளே போய்விட்டது. ஹெலன் பலகையில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். ஐந்து கோட்டில் அட்டைகள் தலையைத் தூக்கிக்கொண்டு நின்றன. தாழ்வாரத்துக்கு வந்து தரையில் உட்கார்ந்து செய்தியை மறுபடி போட்டேன். மறுபடியும் போட்டேன். ஒவ்வொரு தரமும் மூன்றாவது இடைவெளிக்கு முன்னால் மூச்சைப் பிடித்தேன், சென்ற தரம் கேட்காத ஒன்று இந்தத் தரம் கேட்டுவிடும் என்பதுபோல.

அந்த மௌனத்துக்கு இரண்டு அர்த்தம்தான் இருக்க முடியும். அம்மா என் பேச்சைக் கேட்டுத் தட்டாமல் கிளம்பிவிட்டார். அல்லது தட்டுவதற்கு அங்கே கை இல்லை. தட்டாதீங்க என்று சொன்னவளே நான். தட்டியிருந்தால் குறைந்தது அந்த நிமிடம் உயிரோடு இருக்கிறார் என்றாவது தெரிந்திருக்கும். அதையும் நானே பிடுங்கிவிட்டேன் என்று தோன்றியது.

ஹெலன் வெளியே வந்தார். விளக்கினேன், ஆங்கிலம் உடைந்து உடைந்து வந்தது. போனை வாங்கிக் காதில் வைத்துக் கண்ணை மூடிக் கேட்டார். அவர் விரல்கள் தொடையில் மெதுவாகத் தட்டின. மூன்று. பிறகு நின்றன. மூன்றாவது தடவை நின்றபோது கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். தாழ்வாரத் தரையில், முழங்கால் வலியோடு, என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். ஃபிராங்க் பால் அதிகம் ஊற்றிய ஒரு தேநீரைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகும் நாங்கள் அங்கேயே இருந்தோம். போன் அடித்தபோது தெரியாத நம்பர்.

"நாந்தான்," என்றார் அம்மா. "மாஸ்டரோட போனு, இதுலதான் கொஞ்சம் சிக்னல் இருக்கு. சுருக்கா பேசு."

தரையிலிருந்து எழுந்துவிட்டேன்.

"எங்க இருக்கீங்க?"

"ஸ்கூல்லதான். நீதானே சொன்ன, கழட்டிக்கிட்டுப் போங்கன்னு. அந்தக் கம்பி துருப்பிடிச்சுப் போய் வரவே மாட்டேங்குது. அதோட மல்லுக்கட்டி, சாக்குல போட்டு, கோழிய ஒரு கையில புடிச்சிக்கிட்டு, உக்காந்து உக்காந்து எறங்குனேன். செல்வி புருசன் பாதி வழியில வந்து புடிச்சான். வாசல்ல வந்துதான் தட்டுனேன்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தார்.

"சவரிக்குத் தலையே சுத்திருச்சாம். மேல் லயத்துச் சத்தம் என்னாடா பள்ளிக்கூடத்துலருந்து வருதுன்னு கம்பியப் போட்டுட்டு ஓடி வந்துட்டான்."

"அம்மா, வீடு?"

சிரிப்பு நின்றது.

"நாங்க வந்து சேந்த பொறகு பெருசா ஒரு சத்தம் கேட்டுச்சு. குசினிப் பக்கம், அடுப்பு வரைக்கும் மண்ணு வந்துருச்சுன்னு சொல்றானுங்க. விடிஞ்சாதான் தெரியும். நீ சாப்புட்டியா?"

6

இதை எழுதும்போது அம்மா இன்னும் பள்ளிக்கூடத்தில்தான் இருக்கிறார், ஐந்தாம் வகுப்பு அறையில். வாழ்க்கையில் இப்போதுதான் பள்ளிக்கூடத்துக்குள்ளே உட்கார இடம் கிடைத்திருக்கிறது என்று சொல்கிறார். மேல் லயத்துக்கு இனி யாரும் போகக் கூடாது என்று உத்தரவு. எங்கே போகலாம் என்பதற்கு உத்தரவு வரவில்லை. மம்பட்டித் தகட்டை வகுப்பறை ஜன்னல் கம்பியில் கட்டி வைத்திருக்கிறார். மழை விட்டபாடில்லை.

நான் வகுப்புக்குப் போகிறேன். ஹெலன் மூன்று தட்டி அட்டையைக் காட்டுகிறார். என் கை இப்போது மடியில் அசையாமல் கிடக்கிறது. அவர் தலையாட்டுகிறார். சரியாகச் செய்கிறேன் என்பது அவருக்கும் தெரியும், ஏன் என்பதும் தெரியும். எல்லோரும் எண்ணுகிறார்கள். நான் எண்ணுவதில்லை. அந்த ஓர் எண்ணிக்கைக்குள் நூலகம் மறைந்து மழை கேட்கிறது. அடுத்த அடி விழும்வரை மூச்சு திரும்பி வருவதில்லை.

நேற்று எஸ்தர் வாசிக்கும்போது தாளம் தட்டச் சொன்னாள். தாளில் நான் பார்த்த வரி இந்தத் தடவை சரியான வரி. மூன்று தட்டினேன், நிறுத்தினேன். மூன்று தட்டினேன், நிறுத்தினேன்.

வயலினைத் தாழ்த்திக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"அந்த எடத்துல ஏன்மா உங்க முகம் அப்படிப் போகுது?"

"யாராவது பதில் சொல்றாங்களான்னு கேக்குறேன்."

"யாரு?"

"உன் அம்மாயி. என் அம்மா."

வயலினை மறுபடி தோளில் வைத்தாள். பிறகு, "தட்டுங்க," என்றாள்.

தட்டினேன். மூன்று அடி. இடைவெளி வந்ததும் அவள் வில்லைத் தொடாமல் விரல் நுனியால் ஒரு கம்பியை மட்டும் சுண்டினாள். மெல்லிய சத்தம், உயரத்திலிருந்து வருவதுபோல.

அந்த இடத்தில் ஒன்றும் செய்யக் கூடாது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவளே அவள்தான். தாளிலும் அட்டைதான் நிற்கிறது. பிழை என்று நான் சொல்லியிருக்க வேண்டும்.

"இன்னொரு தரம்," என்றேன்.